புல்லுக்கு எந்தத் தண்ணீர்?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கோல்ஃப் மைதானம் என்றால் முதலில் போட வேண்டிய கணக்கு

காணிப்பாக்கம் விநாயகருக்குச் சாத்துகிற அருகம்புல்லும், கோல்ஃப் ஆட்டக்காரர்கள் ஷூ போட்டு மிதிக்கிற புல்லும் ஒரே குடும்பம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் அருகையும் அதன் ஆப்பிரிக்கப் பங்காளி ஒன்றையும் கலந்து, 1960-இல் 'டிஃப்வே 419' என்று ஒரு ரகத்தை வெளியிட்டார்கள். வெப்ப நாட்டு கோல்ஃப் மைதானங்களில் இன்றைக்கும் அதற்கு மவுசு உண்டு. விதை கட்டாத மலட்டுப் புல் என்பதால் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் நட வேண்டும்.

சித்தூர்ப் பக்கத்து வரப்புகளில் அருகு தானாக முளைக்கிறது. சித்திரை வெயிலில் சருகாகிக் கிடக்கும், முதல் மழை விழுந்ததும் தளிர்க்கும். அதற்கென்று தண்ணீர் காட்டுகிறவர் யாரும் இல்லை. அதே புல்லை 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு மழித்து, வருஷம் முழுக்கப் பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அந்த வழவழப்பான வட்டத்துக்கு 'கிரீன்' என்று பெயர். அதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னால். மாலி ஒருவர் நீளமான மூங்கில் கழியைப் புல் மேல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடப்பார். பனித்துளியைத் தட்டி உதிர்க்கிறார். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்தால் மருந்தடிக்க வேண்டும். பின்னாலேயே வெட்டும் எந்திரம் வரும். இன்னொருவர் நேற்றைய குழியை மூடிவிட்டு வேறிடத்தில் புதிதாக ஒன்று தோண்டுவார். குறுக்களவு 108 மில்லிமீட்டர். உலகமெங்கும் அதே அளவுதான். ஒரே இடத்தில் கால் பட்டுக்கொண்டிருந்தால் புல் செத்துப்போகும் என்பதால் இந்த இடமாற்றம். இலையை இவ்வளவு மழித்துவிட்டால் வேர் ஆழமாக இறங்காது. வேர் மேலாகவே நின்றுவிட்டால் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் தாங்காது. அந்த வட்டம் ஐ.சி.யூ.வில் படுத்திருக்கும் நோயாளி. மணிக்கொரு தரம் யாராவது வந்து பார்த்தாக வேண்டும்.

நல்ல வேளையாக, அந்த நோயாளி சின்னவர். 18 குழி மைதானம் ஒன்று ஏறக்குறைய 150 ஏக்கர் பிடிக்கும். அதில் கிரீன்கள் எல்லாம் சேர்ந்தும் 3 ஏக்கர்தான். பந்தை முதலில் அடிக்கும் மேடைகள் இன்னொரு 3 ஏக்கர். நடுவே ஓடும் 'ஃபேர்வே' 30 ஏக்கர் சொச்சம். மிச்சமெல்லாம் 'ரஃப்' என்கிற ஓரப் புல்லும் மரமும் குட்டையும். பொறுப்பான மைதானத்தையும் பொறுப்பற்ற மைதானத்தையும் இந்த மிச்சத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிறுத்த சுமார் 4,000 லிட்டர் ஆகும். வெயில் காலத்தில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டராவது வேண்டும். ரஃபையும் சேர்த்து 100 ஏக்கரைப் பச்சையாக வைப்பேன் என்று அடம்பிடித்தால் தினமும் 20 லட்சம் லிட்டர். நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் இது சுமார் 15,000 பேருடைய தண்ணீர். கிரீன், மேடை, ஃபேர்வே ஆகிய 36 ஏக்கருக்கு மட்டும் பாய்ச்சி, மற்றதை மழைக்கு விட்டுவிட்டால் ஏழு லட்சத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். விளையாட்டு அதேதான். வேறுபடுவது விளம்பரப் படத்தின் நிறம்.

ஆயிரம் அடியில் தேடும் ஊர்

சித்தூரும் திருப்பதியும் கோல்ஃபுக்குப் பேர்போன ஊர்கள் அல்ல. மாம்பழக் கூழுக்கும் பாலுக்கும் பேர்போனவை. மலைக்குப் போகும் கூட்டத்துக்குப் பேர்போனவை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்குப் பின் கட்டடங்களின் வேகம் கண்கூடு. சென்னையும் பெங்களூரும் சாலை வழியில் சில மணி நேர தூரம். சுற்றுலாவும் மனை வியாபாரமும் கைகோக்கும் இடத்தில், எந்த ஊரானாலும், வில்லா, நீச்சல்குளம், கோல்ஃப் என்ற வரிசை ஒரு நாள் வந்தே தீரும். வருவதற்கு முன்னால் பேசிவிடுவது நல்லது. வந்த பிறகு பேசினால் வழக்கறிஞர்களுக்குத்தான் லாபம்.

ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிற சீமை இது. மோசமான அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் அது வருகிற விதம் மோசம். ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் ஒன்று நெல்லூர்க் கரையை ஒட்டி நின்றுவிட்டால், சேஷாசலம் மலையிலிருந்து வெள்ளம் இறங்கித் தெருவெல்லாம் ஆறாகும். 2021 நவம்பரில் திருப்பதி அதைப் பார்த்தது. சுவர்ணமுகி கரை மீறி ஓடியது. விஜயநகரக் காலத்து ராயலசெருவு ஏரியின் கரை கசிந்து, கீழே இருந்த கிராமங்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆறு மாதம் கழித்து அதே மாவட்டத்தில் போர் போடும் லாரி ஓடிக்கொண்டிருக்கும்.

தரைக்கு அடியில் கருங்கல். மேலே மக்கிய பாறை கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகள். தண்ணீர் இருந்தால் அந்த வெடிப்புகளில் இருக்கும். ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டுமே வந்த கதை மேற்கு மண்டலங்களில் வீட்டுக்கு வீடு உண்டு. கிருஷ்ணா நீரை ஹந்திரி-நீவா கால்வாயில் ஏற்றி ஏற்றிக் குப்பம் வரை கொண்டுவருவதற்குள் அரசுகள் பல மாறிவிட்டன. பாலாறு சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையைத் தொட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அந்தச் சிறு தூரத்துத் தடுப்பணைகளின் உயரத்துக்காக இரண்டு மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2016-இல் புல்லூர்த் தடுப்பணையை உயர்த்தியபோது வாணியம்பாடிப் பக்கம் எழுந்த கொந்தளிப்பு வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அடிக்கணக்கில் தண்ணீருக்குச் சண்டை போடும் இடத்தில், புதிதாக ஒருவர் வந்து நாளைக்கு 20 லட்சம் லிட்டர் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

துரைமார் கால 'பிரவுன்'

வறண்ட சீமையில் கோல்ஃப் ஆடவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. சித்தூர் எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும் கூலிக்குப் போனார்கள். துரைமார் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் போட்டுக்கொண்டார்கள். ஊருக்குத் தண்ணீரோ பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியில் தேக்கி, குழாயில் வந்தது. குடிக்கவும் சுரங்கத்துக்கும் அளந்து விட்ட தண்ணீர்.

அந்தக் காலத்தில் இந்தியாவின் வறண்ட ஊர் மைதானங்கள் பலவற்றில் கிரீனே கிடையாது. அதற்குப் பதில் 'பிரவுன்'. மணலில் எண்ணெய் கலந்து கெட்டித்து, உருளையால் சமன் செய்த வட்டம். ஒவ்வொருவரும் பந்தை உருட்டி முடித்ததும், மட்டைப் பை சுமக்கும் 'கேடி'ப் பையன் பலகையாலோ சாக்காலோ இழுத்துத் தடத்தை அழிப்பான். ஃபேர்வே என்பது ஆடு மேய்ந்த தரை. கோடையில் பழுப்பு, மழையில் பச்சை. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. இதைச் சூழல் நேசம் என்று தூக்கி வைக்க வேண்டியதில்லை. கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றுவது இன்றைக்குக் குற்றம். தண்ணீர் இல்லாததால் வந்த சிக்கனம் அது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆட்டம் ஆட்டமாகத்தான் இருந்தது. வருஷம் முழுக்கப் பச்சை என்பது தொலைக்காட்சி வந்த பிறகு ஒட்டிக்கொண்ட ஆசை.

ஏரி மைதானமான கதையும், மைதானம் குளமான கதையும்

பெங்களூரில் சல்லகட்டா என்று ஒரு ஏரி இருந்தது. இப்போது அந்த ஏரிப் படுகையில் இருப்பது கர்நாடகா கோல்ஃப் சங்கத்தின் மைதானம். போட்டிகளுக்கு நல்ல மைதானம் என்று பெயர் வாங்கியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பெங்களூரில் கேடியாக மூட்டை சுமந்து ஆட்டம் பழகிய சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபனையே வென்றார். கோல்ஃபை வெறும் பணக்கார வம்பு என்று ஒதுக்குகிறவர்கள் இவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் ஏரியை யார் கணக்கில் சேர்ப்பது?

வேடிக்கை என்னவென்றால், அதே கோரமங்கலா - சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் ஏற்றுகிறார்கள். வறண்டு கிடந்த ஏரிகள் நிறைந்தன. கிணறுகளில் தண்ணீர் ஏறியது. ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே லட்சுமிசாகரா ஏரியில் நுரை பொங்கி, வழக்கும் ஆயிற்று. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று விவசாயிகள் இன்றுவரை கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏரியில் விட்டால் அது கிணற்றுக்குப் போகும், கிணற்றிலிருந்து குடத்துக்குப் போகும். புல்லுக்கு விட்டால் அவ்வளவு பயமில்லை. ஆக, சாக்கடைத் தண்ணீர் புல்லுக்கு, நல்ல தண்ணீர் ஏரிக்கு என்றிருக்க வேண்டியது, சல்லகட்டாவில் ஏரியே புல்லாகி, ஊர்ச் சாக்கடை அடுத்த மாவட்டத்து ஏரிக்குப் போனது.

சென்னையில் நடந்தது நேர்மாறு. கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் என்ற பழைய குத்தகை. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்துக்கு சீல் வைத்தது. வழக்கு ஒரு பக்கம் நடக்க, வேளச்சேரி வெள்ளத்தைத் தணிக்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். பெரும்பகுதியைப் பசுமைப் பூங்காவாக்க அரசு முடிவெடுத்தது. குத்தகைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் பாடு. எனக்கு உறைத்தது வேறு: ஊருக்கு நடுவில் மிஞ்சியிருந்த அவ்வளவு பெரிய திறந்த வெளி, இத்தனை காலமும் மழைநீரைத் தாங்கும் பள்ளமாக ஏன் பயன்படவில்லை? மைதானமாக இருந்துகொண்டே குளமாகவும் இருந்திருக்கலாமே. ஆட்டத்திலேயே குட்டைகளுக்கு இடமுண்டு. பந்து தண்ணீரில் விழுந்தால் ஓர் அடி தண்டனை, அவ்வளவுதான்.

சென்னையின் தண்ணீரைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983 ஒப்பந்தப்படி கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா கால்வாய் இன்றைய திருப்பதி மாவட்டத்து வயல்களின் ஓரமாகத்தான் ஓடி வருகிறது. அந்த வயல்களில் விளைச்சல் இல்லாத வருஷமும் அந்தக் கால்வாய் ஓடியிருக்கிறது.

கழிவுநீர் வந்தால் போதுமா?

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சண்டிகர் கோல்ஃப் கிளப் நகரத்தின் மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு நீரைத்தான் பாய்ச்சுகிறது. திருமலையிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டங்களுக்கு விடுகிறார்கள். மலை உச்சியில் கோகர்ப்பம், பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா என்று அணை அணையாகத் தேக்கித்தான் பக்தர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பதால், சிக்கனம் அங்கே கட்டாயம். கீழே, 2011 கணக்கெடுப்பிலேயே திருப்பதி மாநகராட்சியில் 2.87 லட்சம் பேர். நாம் உபயோகிக்கும் தண்ணீரில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. 36 ஏக்கருக்கு வேண்டிய ஏழு லட்சம் லிட்டர் அந்த ஓட்டத்தில் ஒரு மூலைக்குக் காணும்.

ஆனால் குழாயை இழுத்து மாட்டிவிட்டுப் பசுமைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள முடியாது. கழிவுநீரில் உப்பு அதிகம். மழை கழுவாத மாதங்களில் அது மண்ணிலேயே தங்கும். சோடியம் ஏறினால் மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் போட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது மண்ணையும் சுற்றியுள்ள கிணறுகளையும் சோதிக்க வேண்டும். உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் போன்ற கடற்கரைப் புல்லை நட வேண்டும். தெளிப்பான்களை ஆள் நடமாட்டமில்லாத இரவில் திறக்க வேண்டும். கழிவுநீரிலேயே தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் செய்வதில்லை. மூட்டைக் கணக்கில் போட்டுப் பழகிவிட்ட கை நிற்காது.

மருந்து விஷயம் இன்னும் முக்கியம். கருங்கல் வெடிப்பு வழியாக இறங்கும் எதுவும் மண்ணில் வடிகட்டப்பட்டு இறங்குவதில்லை. சித்தூர்ப் பக்கத்து ஏரிகளோ சங்கிலி ஏரிகள். மேல் ஏரியின் கழுங்கு வழிந்து கீழ் ஏரிக்கு வரும். மைதானம் அந்தச் சங்கிலியின் மேலே உட்கார்ந்தால், அங்கே அடித்த பூஞ்சணக்கொல்லி கீழே நாற்றங்காலுக்கு வரும். மைதானத்துக்காகக் குவிக்கும் மண்மேடு வரத்துக்கால்வாயில் குறுக்கே விழுந்தால் ஒன்றுமே வராது. இரண்டில் எது மோசம் என்று ஆயக்கட்டுக்காரரைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்.

ரஃப் பகுதியைக் காட்டுக்கு விட்டுவிடுவது நல்லது. 1991-இல் ஆடுபான் இன்டர்நேஷனல் அமைப்பு அமெரிக்காவில் தொடங்கிய சான்றிதழ்த் திட்டம் இதைத்தான் சொல்கிறது: ஆடாத இடத்தை வெட்டாதே, பறவைக்கும் பூச்சிக்கும் விடு. இங்கே அதற்குச் செலவே இல்லை. வேம்பு, புங்கு, நாவல், ஊர்ப் புல் இவை போதும்; ஆவாரை தானே முளைக்கும். ஒரு எச்சரிக்கை: கவுண்டின்யா சரணாலயத்து யானைகள் மூன்று மாநில எல்லையையும் மதிப்பதில்லை. சேஷாசலத்துச் சிறுத்தைகள் 2023-இல் அலிபிரி நடைபாதைக்கே வந்துவிட்டன. காட்டோரம் வேலி போட்டு, இரவெல்லாம் விளக்கெரித்து, ஈரப் புல் வளர்த்தால் மான் வரும், மானுக்குப் பின்னால் சிறுத்தை வரும். அடிவாரம் வேண்டாம் என்பதே என் கட்சி.

சான்றிதழ்களை நம்பாதவர்களும் உலகத்தில் உண்டு. 1993 ஏப்ரல் 29-ஐ கோல்ஃப் வேண்டாத நாளாக அறிவித்து, ஆசிய அமைப்புகள் கூடி உலக கோல்ஃப் எதிர்ப்பு இயக்கம் தொடங்கின. தாய்லாந்திலும் மலேசியாவிலும் நெல் வயல்களும் காடுகளும் மைதானமாகிக்கொண்டிருந்த காலம் அது. 2022 ஆகஸ்டில் பிரான்ஸ் வறட்சியில் வாடியபோது, வீட்டுத் தோட்டத்துக்குத் தடை, கோல்ஃப் கிரீனுக்கு மட்டும் விலக்கு என்று அரசு சொல்ல, துலூஸ் நகரத்துப் பக்கம் ஆர்வலர்கள் இரவோடு இரவாக மைதானக் குழிகளில் சிமெண்டை ஊற்றி அடைத்தார்கள். பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால், ராயலசீமையில் கோடைகாலத்து டேங்கர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் தெளிப்பான் சுற்றினால் சிமெண்டோடு நிற்குமா?

மழையைப் பிடித்தால்

திரும்பவும் கணக்குக்கு வருவோம். 150 ஏக்கரில் 900 மில்லிமீட்டர் மழை என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 54 கோடி லிட்டர். 36 ஏக்கருக்கு, மழையில்லாத 250 நாளுக்கு வேண்டியது 18 கோடி. விழுகிற மழையில் மூன்றில் ஒரு பங்கைக் குட்டைகளில் பிடித்தால் காகிதத்தில் சரியாகப் பொருந்துகிறது. காகிதத்தில்தான். இந்த வெயிலில் திறந்த குட்டையிலிருந்து ஆவியாகும் நீர் விழுகிற மழையை விட அதிகம். எனவே மழைக்குட்டையை நம்பிப் புல் வளர்க்க முடியாது. புல்லுக்குச் சாக்கடை நீர், குட்டை நீர் மண்ணுக்குள் இறங்க என்று பிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் மைதானம் தான் குடிப்பதைவிட அதிகமாக நிலத்துக்குக் கொடுக்க வாய்ப்புண்டு. ராயலசெருவைக் கட்டியவர்கள் செய்த வேலையில் ஒரு சின்னப் பங்கை அது செய்யும். அதற்குச் சம்மதிக்காத மைதானம் இந்தச் சீமைக்கு வேண்டாம். கோல்ஃப் மைதானமே இல்லாமலும் திருப்பதி சுகமாகவே இருக்கும்.

சட்டம் இதில் உதவுமா என்றால், அரைகுறையாக. ஆந்திராவின் 2002-ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டப்படி போர் போட அனுமதி வாங்க வேண்டும். பிடிமானம் அங்கே இருக்கிறது. சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் 2006 அறிவிக்கையிலோ கோல்ஃப் மைதானம் என்று தனி இனமே கிடையாது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட நகரியமாக இருந்தாலோதான் கணக்கில் வரும். அப்போதும் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. 150 ஏக்கர் புல்லும் ஒரு சின்ன கிளப் கட்டடமும் என்றால் ஏறக்குறைய யாரையும் கேட்காமல் வந்துவிடலாம்.

கேட்க வேண்டியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 1997 சட்டத்தின் கீழ் ஆந்திராவில் ஏரி ஏரியாக நீர்ப் பயனாளிகள் சங்கங்கள் அமைந்தன. தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஆயக்கட்டு விவசாயிகள். மைதானம் எந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் வருகிறதோ, அந்தச் சங்கத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். போர் மீட்டர், மருந்துப் பதிவேடு, கிணற்றுச் சோதனை முடிவு மூன்றும் மாதாமாதம் அந்தச் சங்கத்தின் கைக்குப் போக வேண்டும். கோடையில் ஏரி மட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஃபேர்வே தெளிப்பான்களை நிறுத்தும் அதிகாரமும் சங்கத்துக்கே இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் அந்த இரண்டு மாதம் பழுப்புப் புல்லில் ஆடட்டும். தங்கவயலில் துரைமாரே ஆடியிருக்கிறார்கள்.